விமானக் கடத்தலை அறிவிக்கும் குறியீடு: ஒரு வரலாற்று நோக்கு

அபாயத்தை அறிவிக்கும் குறி எதுவாயினும் அதற்கு இரு கடமைகள் உள. அபாயம் நேர்ந்தபோது அது தவறாது வெளிப்படுதல் வேண்டும். அபாயம் நேராதபோது வெளிப்படாதிருத்தலும் வேண்டும். இவ்விரு கடமைகளும் ஒன்றோடொன்று முரணுவன. எளிதில் எழுப்பக்கூடிய குறி தவறுதலாகவும் எளிதில் எழும். தவறுதலாக எழாதவாறு பூட்டிவைக்கப்பட்ட குறியோ தேவைப்படும் கணத்திலே கைக்கு எட்டாது போகும். புலி வருகிறதென்று விளையாட்டாகக் கூவிய சிறுவனின் கதையை அறியாதார் இலர். பொய்யெச்சரிக்கை பலமுறை எழுந்தால் மெய்யெச்சரிக்கை மதிப்பிழக்கும் என்பதே அக்கதையின் பொருள். ஆயின் வானிலே பறந்துகொண்டிருக்கும் விமானமொன்று தான் கடத்தப்பட்டுவிட்டதாக அறிவிக்கும்போது நிலைமை இதனினும் சிக்கலானது. அதனை நம்பாது விடுவதனாலும் உயிர்கள் அழியக்கூடும். ஆராயாது நம்புவதனாலும் உயிர்கள் அழியக்கூடும்.

விமானமொன்று சட்டவிரோதமான தலையீட்டுக்கு உள்ளாகியிருப்பதை உலகெங்கணும் அறிவிப்பதற்கென ஒதுக்கப்பட்டுள்ள குறியீடு 7500 என்னும் நான்கு இலக்கங்களாகும். இக்குறியீடு தோன்றிய வரலாற்றையும், அதன் பயன்பாட்டிலே பொதிந்துள்ள விதிகளையும், அது காரணமாக எழுந்த பொய்யெச்சரிக்கைகளையும், 2001ஆம் ஆண்டின் பின்னர் அதன் பொருளிலே ஏற்பட்ட மாற்றத்தையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போர்க்கால மூலம்

விமானம் தன்னைத் தானே அறிவித்துக்கொள்ளும் முறை போர்ச் சூழலிலே தோன்றியது. 1935ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆந் திகதி இங்கிலாந்தின் டவென்றி என்னும் ஊருக்கு அண்மையில், றொபேட் வற்சன்-வொற் என்பவரின் வழிகாட்டலில் நடைபெற்ற பரிசோதனையொன்று, வானொலி அலைகள் விமானத்திற் பட்டுத் திரும்புவதைக் கொண்டு விமானத்தின் வருகையை அறியலாம் என்பதை நிறுவியது. பின்னர் றேடார் எனப் பெயர்பெற்ற இம்முறை, இரண்டாம் உலக மகாயுத்தம் மூண்டபோது பிரித்தானியாவின் கிழக்கு, தெற்குக் கரையோரங்களைக் காத்து நின்றது. எனினும் அதற்கு ஒரு பெருங்குறை இருந்தது. திரும்பி வரும் எதிரலை, விமானம் எவ்வளவு தொலைவில் உள்ளது, எத்திசையிலிருந்து வருகிறது என்பவற்றைக் கூறுமேயன்றி, அது எவருடையது என்பதைக் கூறாது.

இக்குறைபாட்டின் விலை விரைவிலேயே புலனாயிற்று. போர்ப் பிரகடனம் செய்யப்பட்டு மூன்று நாட்களே கழிந்திருந்த 1939 செப்டெம்பர் 6ஆந் திகதி காலையில், எதிரி விமானங்கள் வருவதாகப் பிரித்தானியாவிலே எச்சரிக்கை எழுந்தது. எதிர்கொள்ள எழுந்த ஹரிக்கேன் விமானங்கள் சிலவற்றையே பகை விமானங்களெனப் பிறழக் கருதி, அவர்தம் படையைச் சேர்ந்த ஸ்பிற்பயர் விமானங்கள் தாக்கின. இரண்டு ஹரிக்கேன்கள் வீழ்த்தப்பட்டன. இளம் விமானி ஒருவர் உயிரிழந்தார். அப்போரிலே பலியான முதலாவது பிரித்தானியப் போர்விமானி அவரே. ஜேர்மன் விமானம் ஒன்றேனும் அன்று அவ்விடத்திற்கு வந்திருக்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்னும் முதுமொழிக்கு இதனினும் கொடிய எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது. பார்க்கிங் கிறீக் சண்டை என்று பின்னர் எள்ளலாக அழைக்கப்பட்ட இந்நிகழ்ச்சி, நட்பு விமானத்தையும் பகை விமானத்தையும் வேறுபடுத்தி அறியும் கருவி எத்துணை இன்றியமையாதது என்பதைத் தெளிவாக்கியது.

அத்தகைய கருவி போர்க்காலத்திலேயே பரவலான பயன்பாட்டுக்கு வந்தது. தரையிலுள்ள நிலையம் வானொலித் துடிப்புக்களால் வினா எழுப்பும். விமானத்திலுள்ள கருவி தானாகவே மறுமொழி அனுப்பும். இக்கருவிக்குப் போர்க்காலத்தில் வழங்கிய இரகசியப் பெயர் 'கிளி' என்பதாகும். கருவியை இயக்குமாறு கூறுவதற்குக் கிளியைக் கத்தச் செய்க என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல் வழங்கிற்று. கிளி என்னும் பெயர் மறைந்துவிட்ட போதிலும், 'ஸ்குவோக்' என்னும் அக்கத்தல் மட்டும் விமானிகளின் பேச்சிலே நிலைத்துவிட்டது. கடத்தலை அறிவிக்கும் விமானி செய்வதும், சொல்லின் மூலப்பொருளை நோக்கின், கிளியைக் கத்தச் செய்தலே.

நான்கு இலக்கங்கள்

போரின் பின்னர் இம்முறை சிவில் விமானப் போக்குவரத்துக்கும் ஏற்றதாக மாற்றியமைக்கப்பட்டது. ட்ரான்ஸ்பொண்டர் என வழங்கும் மறுமொழிக் கருவி, தரை நிலையம் 1030 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் விடுக்கும் வினாவுக்கு 1090 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் விடையிறுக்கும். அவ்விடையிலே நான்கு இலக்கங்கள் அடங்கும். ஒவ்வோர் இலக்கமும் 0 முதல் 7 வரையான எட்டில் ஒன்றாக இருக்கும். 8, 9 என்பன இடம்பெறா. எனவே இம்முறையில் அமையக்கூடிய குறியீடுகள் மொத்தம் 4096 ஆகும். சாதாரண வேளைகளிலே கட்டுப்பாட்டாளர் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு குறியீட்டை வழங்குவார். திரையிலே அவ்விமானத்தை இனங்காண அது உதவும்.

இவற்றுள் மூன்று குறியீடுகள் உலகம் முழுவதற்கும் பொதுவான சிறப்புப் பொருள் கொண்டவை. பொதுவான ஆபத்து நிலையைக் குறிப்பது 7700. வானொலித் தொடர்பு அற்றுப்போனதைக் குறிப்பது 7600. சட்டவிரோதத் தலையீட்டைக் குறிப்பது 7500. இவற்றுள் ஒன்று திரையிலே தோன்றியதும் கட்டுப்பாட்டு நிலையத்தின் கருவிகள் தாமாகவே எச்சரிக்கை எழுப்பும்.

இவ்வேற்பாட்டின் சிறப்பும் குறையும் ஒரே இடத்தில் உள்ளன. ஆயுதந் தாங்கிய ஒருவர் பின்னால் நிற்கும்போது விமானி வாய்திறந்து உதவி கோர முடியாது. ஆனால் நான்கு இலக்கங்களை ஓசையின்றி மாற்றிவிட முடியும். அவ்வளவு எளிதான செயலாக அது அமைந்தமையினாலேயே தவறுதலாக நிகழ்வதற்கும் இடமுண்டாயிற்று. இதனை உணர்ந்தே, குறியீட்டை மாற்றும் முறை பற்றி அமெரிக்க விமானிகளுக்கான கைநூல் நுணுக்கமான அறிவுரையொன்றை வழங்குகிறது. 2700 என்னும் குறியீட்டிலிருந்து 7200 என்பதற்கு மாறவேண்டிய விமானி முதலாவது இலக்கத்தை முதலில் மாற்றினால், இடையிலே 7700 என்னும் ஆபத்துக் குறியீடு கணநேரம் வெளிப்பட்டுவிடும். ஆதலால் முதலில் 2200 என்பதற்கும் பின்னர் 7200 என்பதற்கும் மாறுதல் வேண்டும். 7500இன் பொருட்டும் இவ்வெச்சரிக்கை வேண்டப்படுகிறது. ஒரு குமிழைத் திருகும் வரிசையிலே கூடப் பொய்யெச்சரிக்கை ஒளிந்திருக்கலாம் என்பதை இவ்விதி உணர்த்துகிறது.

கடத்தற் காலம்

இத்தகையதொரு குறியீடு ஏன் வேண்டியதாயிற்று என்பதை விளங்கிக்கொள்வதற்கு 1960களின் பிற்பகுதியை நோக்குதல் வேண்டும். 1968ஆம் ஆண்டுக்கும் 1972ஆம் ஆண்டுக்கும் இடையில் ஐக்கிய அமெரிக்காவில் மாத்திரம் நூற்றுக்கு மேற்பட்ட விமானக் கடத்தல்களும் கடத்தல் முயற்சிகளும் இடம்பெற்றன. அவற்றுட் பல கியூபாவை நோக்கியனவாக இருந்தன. கடத்துபவரின் விருப்பத்துக்கு இணங்கி, விமானத்தைப் பத்திரமாகத் தரையிறக்கி, பின்னர் பேச்சுவார்த்தைக்கு வழிவிடுதலே அக்காலத்து விமானிகளுக்குப் புகட்டப்பட்ட நெறியாகும். எதிர்ப்பதனால் உயிர்ச்சேதம் நேரும். இணங்குவதனால் நேர இழப்பே நேரும் என்னும் கணக்கு அந்நெறியின் அடியில் இருந்தது.

1970 செப்டெம்பரில் பாலஸ்தீன விடுதலைக்கான மக்கள் முன்னணியினர் பல விமானங்களைக் கடத்தி, மூன்றினை ஜோர்தானின் பாலைவனத்திலே டோசன் களம் எனப்பட்ட பழைய ஓடுபாதையில் இறக்கி, 12ஆந் திகதி வெடிவைத்துத் தகர்த்தனர். அப்போதுகூட விமானங்கள் வெறுமையாக்கப்பட்ட பின்னரே தகர்க்கப்பட்டன. சர்வதேச சட்டமும் இக்காலத்திலேயே உருப்பெற்றது. 1963ஆம் ஆண்டின் தோக்கியோ உடன்படிக்கையைத் தொடர்ந்து, 1970 டிசெம்பரில் ஹேக் உடன்படிக்கையும், 1971 செப்டெம்பரில் மொன்றியல் உடன்படிக்கையும் கைச்சாத்தாகின. இலங்கையும் இப்பிரச்சினைக்குப் புறம்பாக இருக்கவில்லை. 1982 யூன் 30ஆந் திகதி இத்தாலிய விமானமொன்றை இலங்கையர் ஒருவர் கடத்திப் பாங்கொக்கில் இறக்கச் செய்தார். வெடிகுண்டு பற்றிய அவருடைய அச்சுறுத்தலை மெய்யெனக் கொண்டே அதிகாரிகள் அவரோடு பேசி, கோரிக்கைகளுக்கு இணங்கினர். அதன் பின்னர், அதே ஆண்டிலே 24ஆம் இலக்க விமானங்களுக்கெதிரான குற்றங்கள் சட்டம் இலங்கையில் நிறைவேற்றப்பட்டது.

இக்காலப் பகுதியிலே 7500 என்பதன் பொருள் ஐயத்துக்கு இடமற்றதாக இருந்தது. அது சிறைப்பட்டவர் வெளியுலகுக்கு விடுக்கும் இரகசிய வேண்டுகோள். அதனைப் பெறுவோரின் கடமை அவ்விமானத்துக்கு வழிவிடுதலும், விரைந்து உதவுதலும், கடத்துபவரைச் சினமூட்டாதிருத்தலுமாகும். அக்காலத்தில் பொய்யெச்சரிக்கை எழுந்தால் அதனால் விளையக்கூடியது பெரும்பாலும் வீண் அலைச்சலே.

மௌனமே விடை

குறியீடு தவறுதலாக வெளிப்பட்டதா, மெய்யாகவே வெளிப்பட்டதா என்பதை அறிவதற்குச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் நடைமுறையிலே ஒரு வழி வகுக்கப்பட்டுள்ளது. திரையில் 7500 தோன்றியதும், அக்குறியீட்டை உறுதிப்படுத்துமாறு கட்டுப்பாட்டாளர் விமானியிடம் கேட்பார். தவறுதலாக நிகழ்ந்திருந்தால் விமானி மறுத்துரைத்துக் குறியீட்டைத் திருத்திக்கொள்வார். உண்மையாகவே கடத்தப்பட்டிருந்தால் நிலைமைக்கேற்ப ஆம் என்று உறுதிப்படுத்துவார். அல்லது யாதொன்றும் கூறாது விடுவார். விடை கிடைக்காதவிடத்து, குறியீடு தவறுதலாக எழுந்ததன்று என்றே கொள்ளப்படும்.

இவ்விதி மிக்க நுட்பமுடையது. மௌனத்தைச் சம்மதத்துக்கு அறிகுறியாகக் கொள்ளும் பழைய உலக வழக்கு இங்கே வானொலி நடைமுறையாக உருப்பெற்றுள்ளது. வினா வெளிப்படையாகக் கேட்பினும், குறியீட்டின் பொருளை அறியாத கடத்தற்காரனுக்கு அது வழக்கமான உரையாடலாகவே தோன்றும். சிறைப்பட்ட விமானி பொய்யும் சொல்ல வேண்டியதில்லை. மெய்யைச் சொல்லி உயிராபத்தைத் தேடிக்கொள்ளவும் வேண்டியதில்லை.

ஆனால் இவ்விதியிலே இரு பலவீனங்கள் உள்ளன. ஒன்று, மௌனத்துக்குப் பல காரணங்கள் இருத்தல் கூடும். மற்றொன்று, கேட்பவரும் கேட்கப்படுபவரும் வினாவை ஒரே பொருளில் விளங்கிக்கொள்வர் என்று அது எடுத்துக்கொள்கிறது. இவ்விரு பலவீனங்களும் பிற்காலத்து நிகழ்ச்சிகளிலே வெளிப்பட்டன.

பிறழ உணர்தலின் விலை

வானிலுள்ள சிவில் விமானமொன்றின் இயல்பைப் படையினர் பிறழ உணர்வதனால் விளையும் அழிவை 1970களும் 1980களும் கண்டன. 1973 பெப்ரவரி 21ஆந் திகதி, வழிதவறிச் சினாய் வான்பரப்பினுள் நுழைந்த லிபிய விமானத்தை இஸ்ரேலியப் போர்விமானங்கள் சுட்டு வீழ்த்தியதில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1983 செப்டெம்பர் 1ஆந் திகதி, பாதை விலகிச் சோவியத் வான்பரப்பினுட் சென்ற தென்கொரிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் உயிரிழந்தனர். இவை கடத்தற் குறியீட்டோடு தொடர்புடையன அல்ல. எனினும், ஐயத்தின் பேரில் ஆயுதம் பேசினால் யாது விளையும் என்பதை இவை காட்டின. இரண்டாவது அழிவின் எதிரொலியாக 1984 மே மாதத்தில், 1944ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கையோடு புதிய உறுப்புரை ஒன்று சேர்த்துக்கொள்ளப்பட்டது. பறந்துகொண்டிருக்கும் சிவில் விமானத்தின்மீது ஆயுதம் பிரயோகிப்பதை அரசுகள் தவிர்த்தல் வேண்டும் என்பது அதன் சாரம்.

குறியீட்டைப் பிறழ வாசித்தமைக்கு எடுத்துக்காட்டு 1988 யூலை 3ஆந் திகதி நிகழ்ந்தது. பாரசீக வளைகுடாவின்மேற் பறந்த ஈரானிய விமானம் சிவில் விமானத்துக்குரிய 6760 என்னும் குறியீட்டையே அனுப்பிக்கொண்டிருந்தது. ஆயினும் அமெரிக்கப் போர்க்கப்பலான வின்சென்ஸ், அதனிடமிருந்து இராணுவ விமானத்துக்குரிய மறுமொழி வந்ததாகக் கருதி ஏவுகணைகளைச் செலுத்தியது. மாண்டோர் 290 பேர். கருவி உண்மையைக் கூறிற்று. கேட்டவர் வேறொன்றைக் கேட்டனர்.

2001 செப்டெம்பர் 11

இதுகாறும் கூறியவற்றின் அடிப்படை அனைத்தையும் 2001 செப்டெம்பர் 11ஆந் திகதி தகர்த்தது. அன்று கடத்தப்பட்ட நான்கு விமானங்களுள் ஒன்றிலிருந்தேனும் 7500 என்னும் குறியீடு வெளிப்படவில்லை. விமானிகள் குறியீட்டை மாற்றுவதற்கு முன்னரே விமானிகளறைகள் கைப்பற்றப்பட்டுவிட்டன என்றே கொள்ளவேண்டியுள்ளது. கடத்தியவர்கள் மறுமொழிக் கருவியின் பயனை நன்கு அறிந்திருந்தனர். முதலாவது விமானத்தின் கருவி காலை 8.21 மணிக்கு நிறுத்தப்பட்டது. இரண்டாவதில், 8.47 மணிக்குக் குறியீடு மாற்றப்பட்டது. மூன்றாவதில் 8.56 மணிக்கும், நான்காவதில் 9.41 மணிக்கும் கருவிகள் வாய்மூடின. கடத்தலைப் பற்றிய விரிவான செய்தி முதலில் வந்தது, முதலாவது விமானத்தின் பணிப்பெண்கள் தொலைபேசி மூலம் தரையிலிருந்தோருடன் பேசியதனாலேயே.

விமானி எப்படியும் அறிவிப்பார், பேசுவதற்குக் காலம் இருக்கும், கடத்துபவரும் உயிர்வாழ விரும்புவார் என்பனவே அதுவரை நடைமுறையின் எடுகோள்களாக இருந்தன. மூன்றும் ஒரே காலையிற் பொய்த்தன. மெய்யெச்சரிக்கை எழாத அதே வேளையிலே பொய்யெச்சரிக்கைகள் எழுந்தன என்பதும் மனங்கொள்ளத்தக்கது. 8.46 மணிக்கே நியூயோர்க்கின் உலக வர்த்தக நிலையத்தில் மோதி அழிந்துவிட்ட முதலாவது விமானம் இன்னும் பறந்துகொண்டு வாஷிங்டனை நோக்கி வருவதாகப் படையினருக்குத் தவறான தகவல் கிடைத்தது. இல்லாத அவ்விமானத்தை இடைமறிப்பதற்கென்றே வேர்ஜீனியாவிலிருந்து போர்விமானங்கள் அனுப்பப்பட்டன. கடத்தப்படாத வேறொரு பயணிகள் விமானம் கடத்தப்பட்டதாக ஐயுறப்பட்டுக் கிளீவ்லாந்தில் இறக்கப்பட்டது.

வைற்ஹோர்ஸில் இறங்கிய விமானம்

அன்றைய பொய்யெச்சரிக்கைகளுள் மிகக் கொடிய முடிவை அண்மித்தது தென்கொரிய விமானமொன்றைப் பற்றியதாகும். சியோலிலிருந்து அலாஸ்காவின் அங்கரேஜ் வழியாக நியூயோர்க் செல்லவிருந்த போயிங் 747 விமானம் அது. இருநூறுக்கு மேற்பட்டோர் அதில் இருந்தனர். அமெரிக்காவிலே நிகழ்ந்தவற்றைக் குறித்து விமானத்திலிருந்து நிறுவனத்துக்கு அனுப்பப்பட்ட எழுத்துச் செய்தியொன்றில், கடத்தல் என்பதைச் சுட்டும் ஆங்கிலச் சுருக்கமான எச்-ஜே-கே என்னும் மூன்று எழுத்துக்கள் இடம்பெற்றிருந்தன. செய்திகளை இடைநின்று கடத்தும் நிறுவனத்தார் அதனைக் கண்ணுற்று அதிகாரிகளுக்கு அறிவித்தனர்.

கட்டுப்பாட்டாளர்கள் தாம் பயின்ற முறைப்படி மறைமொழியில் விமானியிடம் வினவினர். ஐயத்தைத் தீர்க்கவேண்டிய அவ்வினா அதனை வளர்த்தது. விமானி கடத்தப்படவில்லை என்று மறுத்துரைப்பதற்குப் பதிலாகத் தமது கருவியில் 7500 என்னும் குறியீட்டை அமைத்தார். வினாவை அவர் கட்டளையாக விளங்கிக்கொண்டிருக்கக் கூடும் எனப் பின்னர் கருதப்பட்டது. கட்டுப்பாட்டாளருக்கோ அது ஐயத்தை உறுதிசெய்யும் சான்றாகத் தோன்றியது.

அலாஸ்காவிலிருந்து போர்விமானங்கள் எழுந்து அதனைத் தொடர்ந்தன. அங்கரேஜ் நகரிலே பெரிய விடுதிகளும் அரச கட்டடங்களும் வெறுமையாக்கப்பட்டன. வல்டீஸ் துறைமுகத்திலிருந்த எண்ணெய்க் கப்பல்கள் கடலுக்குச் செல்லுமாறு பணிக்கப்பட்டன. விமானம் கனடாவின் யூக்கோன் பிரதேசத்திலுள்ள வைற்ஹோர்ஸ் நகருக்குத் திருப்பப்பட்டது. தேவை நேரின் அதனைச் சுட்டு வீழ்த்துவதற்குக் கனேடியப் பிரதமர் ஜோன் கிறெற்றியன் இணக்கம் தெரிவித்திருந்தார். விமானம் இட்ட பணிப்புக்களின்படி ஒழுங்காகச் சென்று பத்திரமாகத் தரையிறங்கியது. உள்ளே கடத்தற்காரர் எவரும் இருக்கவில்லை.

அவ்விமானத்தைக் காத்தது குறியீடன்று. குறியீடு அதற்கு எதிராகவே சாட்சி சொல்லிற்று. குறியீட்டுக்கும் அப்பால் விமானத்தின் நடத்தையை நோக்கியவர்களின் பொறுமையே அதனைக் காத்தது. திரும்பச் சொன்னபோது திரும்பிய விமானம், இறங்கச் சொன்னபோது இறங்கவும் கூடும் என்று அவர்கள் காத்திருந்தனர்.

மாறிய பொருள்

2001ஆம் ஆண்டின் பின்னர் 7500 என்பதன் பொருள் இரட்டைப்பட்டது. அனுப்புபவரைப் பொறுத்தவரை அது இன்னும் உதவி கோரும் வேண்டுகோளே. பெறுபவரைப் பொறுத்தவரையோ அது, அவ்விமானமே ஆயுதமாக மாறியிருக்கக்கூடும் என்னும் அறிவிப்பாகவும் ஆயிற்று. வேண்டுகோளாகப் புறப்படும் செய்தி அச்சுறுத்தலாகச் சென்றடையும் விந்தை இதுவாகும்.

இம்மாற்றம் சட்டப் பிரச்சினையாகவும் உருவெடுத்தது. 2003 ஜனவரி 5ஆந் திகதி ஜேர்மனியின் பிராங்போட் நகரின்மேல் ஒருவர் சிறு விமானமொன்றைக் கடத்திச் சென்று வட்டமிட்டு, ஐரோப்பிய மத்திய வங்கிக் கட்டடத்தில் மோதுவதாக அச்சுறுத்தினார். ஈற்றிலே பத்திரமாக இறங்கினார். இதனைத் தொடர்ந்து, ஆயுதமாகப் பயன்படுத்தப்படும் விமானத்தைச் சுட்டு வீழ்த்த அனுமதிக்கும் சட்டமொன்று 2005ஆம் ஆண்டில் அந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. ஆயின் 2006 பெப்ரவரி 15ஆந் திகதி ஜேர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் அவ்வதிகாரத்தைச் செல்லாததாக்கியது. குற்றமற்ற பயணிகளை வெறும் பொருள்களாகக் கருதிக் கொல்வது மனித மாண்புக்கு முரணானது என்பது தீர்ப்பின் மையக் கருத்து. இத்தகைய வேளைகளிலே விமானத்தினுள் நடப்பது என்னவென்பது தரையிலிருப்போருக்குப் பெரும்பாலும் ஐயத்துக்குரியதாகவே இருக்கும் என்பதையும் நீதிமன்றம் கருத்திற்கொண்டது. பொய்யெச்சரிக்கை பற்றிய பிரச்சினை இவ்வாறு அரசியலமைப்பு விவாதத்தின் உள்ளேயும் இடம்பெற்றது.

குறியீடு உண்மையை உரைத்த நிகழ்ச்சிகளும் உள. 2014 பெப்ரவரி 17ஆந் திகதி அடிஸ் அபாபாவிலிருந்து ரோம் நோக்கிச் சென்ற எத்தியோப்பிய விமானத்தில், தலைமை விமானி அறையிலிருந்து வெளியேறியவேளை துணைவிமானி கதவைப் பூட்டிக்கொண்டு 7500 என்னும் குறியீட்டை அனுப்பினார். கடத்தியவரும் அவர், கடத்தலை அறிவித்தவரும் அவரே. 2001இன் பின்னர் கடத்தற்காரரைத் தடுப்பதற்கென வலுப்படுத்தப்பட்ட கதவே இங்கு தலைமை விமானியைத் தடுத்தது. இத்தாலிய, பிரெஞ்சுப் போர்விமானங்கள் தொடர்ந்துவர அவ்விமானம் ஜெனீவாவில் இறங்கியது. அலுவலக நேரம் தொடங்காமையால் சுவிற்சர்லாந்தின் போர்விமானங்கள் எழவில்லை. அனைவரும் உயிர்தப்பினர்.

தவறுதலாக எழுந்த குறிகளும் தொடர்ந்தன. 2018 யூன் 26ஆந் திகதி நியூயோர்க்கின் கென்னடி விமான நிலையத்திலே புறப்பட ஆயத்தமாயிருந்த விமானமொன்றின் வானொலி பழுதுற்றது. 7600 என்பதற்குப் பதிலாக 7500 தவறுதலாக அனுப்பப்பட்டதாகச் செய்தி ஏடுகள் தெரிவித்தன. பேச இயலாத விமானத்திடம் உறுதிப்படுத்துமாறு கேட்பதாற் பயனில்லை. அதன் மௌனம் கடத்தலுக்கே சான்றாகிவிடும். முன்னர் குறிப்பிட்ட முதலாவது பலவீனம் இங்கு முழுமையாக வெளிப்பட்டது. ஆயுதந் தாங்கிய பொலிசார் விமானத்தினுள் நுழைந்தபோதே உண்மை தெளிந்தது. 2019 நவம்பர் 6ஆந் திகதி அம்ஸ்ரடாமின் ஸ்கிப்போல் விமான நிலையத்தில், மட்ரிட் புறப்படவிருந்த விமானத்திலிருந்து கடத்தல் எச்சரிக்கை தவறுதலாக எழுந்தது. விமான நிலையத்தின் ஒரு பகுதி மூடப்பட்டது. பெரும் பாதுகாப்பு நடவடிக்கை தொடங்கியது. சிறிது நேரத்தில் தவறு அறியப்பட்டு விமான நிறுவனம் மன்னிப்புக் கோரியது. இவ்விரண்டும் தரையிலே நிகழ்ந்தமை நற்பேறாகும்.

முடிவுரை

பொய்யெச்சரிக்கையை ஒழிப்பதற்கு எளிய வழிகள் இருப்பதாகத் தோன்றலாம். குறியீட்டை அமைப்பதைக் கடினமாக்கலாம். தவறுதலாக அனுப்பிய விமானியைக் கடுமையாகத் தண்டிக்கலாம். ஆனால் 2001ஆம் ஆண்டின் அனுபவம் இதற்கு எதிரான பாடத்தையே புகட்டுகிறது. எளிதான குறியீட்டை அனுப்புவதற்கே நான்கு விமானங்களின் விமானிகளுக்கும் கணநேரம் கிடைக்கவில்லை. கடினமான குறியீடாயின் எவருக்கும் பயன்படாது. தண்டனைக்கு அஞ்சி ஒருகணம் தயங்கும் விமானி, அவ்வொரு கணத்தினாலேயே அறிவிக்கும் வாய்ப்பை இழக்கக்கூடும்.

மறுபுறத்தில், ஒருமுறை இயக்கப்பட்டால் விமானத்திலிருந்து நிறுத்த முடியாதவாறு மறுமொழிக் கருவியை அமைத்தல் வேண்டும் என்னும் யோசனையும் 2001இன் பின்னர் எழுந்தது. அது கடத்துபவரின் கையைக் கட்டும் என்பது உண்மையே. ஆயினும் தவறுதலாக எழுந்த குறியையும் அது மீளப்பெற முடியாததாக்கிவிடும். மின்னொழுக்கு, தீ முதலியன ஏற்படும்போது எந்த மின்கருவியையும் நிறுத்துவதற்கு விமானிக்கு வழியிருத்தல் அவசியம் என்பதும் மறுக்கவியலாதது.

ஆகவே, இக்குறியீட்டின் வரலாறு உணர்த்துவது யாதெனின், பாதுகாப்பு நான்கு இலக்கங்களிலே மட்டும் தங்கியிருக்கவில்லை என்பதாம். குறியீடு தீர்ப்பன்று; விசாரணையின் தொடக்கம். அனுப்புபவருக்கு அது எளிதாக இருத்தல் வேண்டும். பெறுபவருக்கோ அதன்மேற் செயற்படுவது எளிதாக இருத்தலாகாது. உறுதிப்படுத்தும் வினா, அவ்வினாவின் பொருளை இருசாராரும் ஒருங்கே அறிந்திருத்தல், விமானத்தின் நடத்தையைப் பொறுமையோடு நோக்குதல், ஆயுதம் ஏந்தியோரைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஆகிய நான்கும் துணைநின்றாலன்றி அக்குறியீடு காக்கவேண்டியவர்களையே அழிக்கவும் கூடும். 1939இல் பார்க்கிங் கிறீக்கில் இத்துணைகள் இல்லாமையால் ஓர் இளைஞன் மாண்டான். 2001இல் வைற்ஹோர்ஸை நோக்கிச் சென்ற விமானத்துக்கு அவற்றுட் சில தவறின, எஞ்சியவை காத்தன. இருநூறுக்கு மேற்பட்டோர் தத்தம் கால்களால் நடந்து விமானத்தைவிட்டு இறங்கியமை இதன் விளைவேயாகும்.